தண்ணீர் இறங்கவில்லையா? வன்னி வீடுகளின் கழிவுக் குழாய் அடைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று குழாய் வேலைக்குப் போகிறவன் நான். எங்கே போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய நகரத்து வீடுகளுக்குச் சொல்லப்படும் ஆலோசனை நமக்குப் பாதிதான் பொருந்தும். அங்கே கழிவுநீர் தெருவுக்கு அடியில் ஓடும் பொதுக் குழாயில் போய்ச் சேர்ந்துவிடும். அதன் பிறகு அது வேறு யாருடையவோ தலையிடி. நமக்கு அந்த வசதி இல்லை. சிங்கில் ஊற்றியதும் மலசலகூடத்தில் போனதும் நம்முடைய வளவுக்குள்ளேயே, நமது கிணறு இருக்கும் அதே மண்ணில்தான் கிடக்கின்றன. கீழே உள்ள பதில்களை இதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சிங்கில் தண்ணீர் நிற்கிறது. முதலில் எதை ஊற்ற வேண்டும்?

ஒன்றையும் ஊற்ற வேண்டாம். வெளியே போய்க் குழாயின் மறுமுனையைப் பாருங்கள்.

பரந்தன் பக்கம் ஒரு வீட்டில் மூன்று நாட்களாகச் சோடா, வினாகிரி, சுடுநீர் என்று கடையில் இருந்த எல்லாவற்றையும் ஊற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். சிங்க் குழாய் போய் முடியும் இடம் வாழைப் பாத்தி. அங்கே கோழிகள் கிளறிய மண் குழாயின் வாயை மூடிக் கிடந்தது. காலால் தள்ளினேன், தண்ணீர் பாய்ந்தது. அதற்குக் கூலி வாங்க வெட்கமாக இருந்தது. வாங்கினேன்.

மறுமுனை திறந்திருந்தால், அடைப்பு எங்கே என்பதை வீட்டுக்குள் நின்றே ஊகிக்கலாம். சிங்கில் மட்டும் தண்ணீர் நின்று குளியலறையில் ஒழுங்காகப் போனால், அடைப்பு சிங்கின் கீழ் வளைவில் அல்லது அதன் தனிக் குழாயில் இருக்கிறது. இரண்டிலும் நின்றால், இரண்டு குழாய்களும் சேரும் இடத்துக்கு அப்பால் தேடுங்கள். மலசலகூடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றும்போது குளியலறைத் துவாரத்தில் ‘குளுக் குளுக்’ என்று சத்தம் கேட்டால், பெரிய குழாயிலோ கழிவுக் கிடங்கிலோதான் கோளாறு. மழை பெய்யும் நாட்களில் மட்டும் எல்லாம் நின்றால் அது வேறு கதை; கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அடைப்பை நானே எடுக்க முடியுமா?

பத்தில் ஏழு எட்டு அடைப்புகளை வீட்டுக்காரரே எடுத்துவிடலாம் என்பது என் அனுபவம். இதைச் சொல்வதால் என் பிழைப்புக் கெடும் என்று நண்பர்கள் சொல்வதுண்டு.

சிங்கின் கீழே போத்தல் போன்ற ஒரு பகுதி அல்லது வளைந்த குழாய் இருக்கும். அடியில் ஒரு வாளியை வையுங்கள். கையால் இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். கறுப்புக் கூழாக ஒன்று விழும்: தேயிலைத் தூள், சோற்றுப் பருக்கை, தேங்காய்ச் சக்கை, மீன் செதில், சட்டி தேய்த்த தும்பு. கழுவிப் பூட்டுங்கள். உள்ளே இருக்கும் இறப்பர் வளையத்தைத் தொலைத்துவிட வேண்டாம், அது இல்லாமல் பூட்டினால் ஒழுகும். கழற்றிய தண்ணீரை அதே சிங்கிலேயே ஊற்றுபவர்களும் உண்டு. குழாய் கழன்று கிடப்பது காலில் தண்ணீர் விழுந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

அங்கே அடைப்பு இல்லை என்றால் மரப்பிடி போட்ட இறப்பர் கிண்ணம் தேவை. சிங்கில் மூன்று அங்குலமளவு தண்ணீர் நிற்கட்டும். மேல் விளிம்புக்கு அருகே சிறிய ஓட்டை இருந்தால் ஈரத் துணியால் அடையுங்கள். அடைக்காவிட்டால் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் அந்த வழியாகப் போய்விடும். கிண்ணத்தைத் துவாரத்தின் மேல் வைத்து இருபது முறை அழுத்தி இழுங்கள். அழுத்துவதைவிட இழுப்பதற்கே பலன் அதிகம். அடைப்பைக் கரைக்கும் மருந்து ஏதாவது முன்பே ஊற்றியிருந்தால் இந்த வேலையைச் செய்யவே கூடாது, முகத்தில் தெறிக்கும்.

அதற்கும் அசையாவிட்டால் கம்பி. கடைகளில் சுருள் கம்பி கிடைக்கிறது. கிடைக்காத இடத்தில் மோட்டார் சைக்கிளின் பழைய கிளட்ச் கேபிள் நல்ல வேலை செய்யும். முனையில் நாலைந்து இழைகளைப் பிரித்துக் கொக்கிபோல வளைத்து, சுழற்றிக்கொண்டே உள்ளே விடுங்கள். முட்டும் இடத்தில் குத்தித் தள்ளாமல் சுழற்றிப் பிடித்து இழுக்க வேண்டும். தள்ளினால் அடைப்பு இன்னும் ஆழத்துக்குப் போய், கை எட்டாத வளைவில் உட்கார்ந்துகொள்ளும். கட்டுக்கம்பியும் வேலிக் கம்பியும் வேண்டாம். அவை வளைவில் குழாயைக் கிழித்துவிடும்.

எண்ணெய் திரவம்தானே, அது எப்படி அடைக்கும்?

மார்கழிக் காலையில் உங்கள் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் உருகுவது ஏறக்குறைய 24 பாகை செல்சியஸில். அதற்குக் கீழே வெள்ளையாக உறையும். வன்னியில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை அதற்குக் கீழே இறங்குவது வழக்கம். போத்தலில் நடப்பதுதான் நிலத்துக்கு அடியில் போகும் குழாயிலும் நடக்கிறது. போத்தலை வெயிலில் வைக்கலாம், குழாயை வைக்க முடியாது.

வெறும் எண்ணெய் மெல்லிய படலமாக மட்டும் ஒட்டும். பிட்டு, இடியப்பம் அவித்த பாத்திரத்தில் இருக்கும் மா அதில் ஒட்டினால் பசையாகிறது. அதன்மேல் தும்பு சிக்கினால் கயிறு போட்ட சீமெந்து மாதிரித்தான். பொரித்த எண்ணெயை ஒரு பேணியில் ஊற்றி வையுங்கள். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுமுன் பழைய பத்திரிகைத் தாளால் துடையுங்கள். நமது அம்மம்மாமார் சாம்பலும் தும்பும் போட்டுக் கிணற்றடியில் தேய்த்தபோது அடைப்பு வரவில்லையே என்று கேட்பார்கள். அங்கே குழாயே இருக்கவில்லை. அந்தத் தண்ணீர் திறந்த வாய்க்காலில் வாழைக்கு ஓடியது. அதே சாம்பலும் தும்பும் ஒன்றரை அங்குலக் குழாய்க்குள் போனால் வேறு பலன்தான்.

கொதிநீர் ஊற்றலாமா?

கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பி.வி.சி. குழாய் 60 பாகைக்கு மேல் தொடர்ந்து தாங்காது. 80ஐ நெருங்கும்போது நெகிழ்ந்து வளையும், ஒட்டிய மூட்டுகள் விடும். கை பொறுக்காத சூட்டுக்குக் கொஞ்சம் குறைவாக, சலவைத் தூள் ஒரு கரண்டி கலந்து, அரை வாளி மெதுவாக ஊற்றுங்கள். அரைகுறையாக இறங்கும் எண்ணெய் அடைப்புக்கு இது உதவும். முற்றாக நின்றுவிட்ட குழாயில் சுடுநீர் மேலேயே நின்று ஆறிப்போகும்.

சமையல் சோடாவும் வினாகிரியும்?

நுரைக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிட்டு, உப்புக் கரைசலும் கரியமில வாயுவும்தான் மிஞ்சுகின்றன. இலேசான நாற்றம் போகலாம். தும்பையும் முடியையும் அது ஒன்றும் செய்யாது. வினாகிரியைத் தனியாக, ஷவர் தலையில் படியும் வெள்ளைப் படிவுக்குப் பயன்படுத்துங்கள், அங்கே அது உண்மையாகவே வேலை செய்யும்.

கோஸ்டிக் சோடா ஊற்றினால் உடனே போகும் என்கிறார்களே?

போகும், சில வேளை. கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றிக் கரைப்பது அதன் இயல்பு. ஆனால் நான் இதை வீட்டுக்காரருக்குச் சொல்வதில்லை. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

தண்ணீரில் சேர்ந்தவுடன் அது கடுமையாகச் சூடேறும். கட்டியாகப் போட்டால் குழாய்க்குள் இறுகிக் கல்லாகிவிடும். அப்படி இறுகிய குழாயை நான் வெட்டித்தான் எடுத்திருக்கிறேன். கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போகலாம். அலுமினியச் சட்டியில் கரைத்தால் அது அலுமினியத்தையே தின்று, தீப்பற்றக்கூடிய வாயுவை விடும். நமது வீடுகளில் கைக்கு முதலில் எட்டுவது அலுமினியச் சட்டிதான்.

எவ்வளவு சொல்லியும் செய்யத்தான் போகிறீர்கள் என்றால்: பிளாஸ்டிக் வாளியில் முதலில் குளிர்ந்த தண்ணீர், அதற்குள் சோடாவைச் சிறிது சிறிதாக. சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போட்ட குளோரின் தூள் பல வீடுகளில் மிச்சம் இருக்கிறது. அதை மலசலகூடம் கழுவும் அமிலத்துடன் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்ன மலசலகூடத்தில் அது நெஞ்சை எரித்துவிடும். ஒன்று வேலை செய்யவில்லை என்று அதன்மேல் மற்றதை ஊற்றுவதுதான் பெரும்பாலும் இப்படி முடிகிறது.

குளியலறைத் துவாரத்தில் வெள்ளையாகத் தயிர்போல ஒன்று வருகிறதே?

நமது தண்ணீரின் வேலை. வன்னியின் பல கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் தண்ணீர் கடினநீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளை ஓடே சாட்சி. அதில் இருக்கும் கல்சியம் சவர்க்காரத்துடன் சேர்ந்து கரையாத பசையாகிறது. நுரை வரவில்லை என்று இன்னும் சவர்க்காரம் போடுகிறோம், இன்னும் பசை. அதில் தலைமுடி பின்னிக்கொண்டால் நல்ல உறுதியான அடைப்பு.

துவாரத்துச் சல்லடையைக் கழற்றி, கொக்கி போட்ட கம்பியால் முடியை இழுத்து எடுங்கள். எலிவால்போல நீளமாக வரும். சாப்பாட்டுக்கு முன் செய்ய வேண்டாம். அதன் பிறகு சல்லடையின்மேல் பழைய நுளம்பு வலைத் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். உடுப்புத் துவைக்கக் கட்டிச் சவர்க்காரத்தைவிடச் சலவைத் தூள் இந்த விஷயத்தில் நல்லது, அது கடினநீரில் இப்படித் திரளாது.

மலசலகூடம் அடைத்துவிட்டது. என்ன செய்வது?

மேலும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். அரை மணி நேரம் பொறுத்தால் பல வேளைகளில் தானாக இறங்கும். இறங்காவிட்டால் தடியின் முனையில் பழந்துணியை உருண்டையாகக் கட்டிப் பிளாஸ்டிக் பையால் இறுக்கி மூடுங்கள். குந்து மலசலகூடத்தின் வாயில் அதை வைத்து ஏற்றி இறக்கினால் இறப்பர் கிண்ணத்தைவிட நன்றாகவே வேலை செய்யும்.

என்ன கிடைக்கிறது தெரியுமா? பெண்கள் பாவிக்கும் அணையாடை, பிள்ளையின் பம்பஸ், ஷாம்பு பைக்கற், பல் துலக்கி, ஒருமுறை ஒரு கைப்பேசி. அணையாடை தண்ணீரை உறிஞ்சி ஊதுவதற்காகவே செய்யப்பட்டது, அது கரையாது. வீட்டில் பெண்கள் வெட்கப்பட்டு அதை உள்ளே போடுகிறார்கள் என்றால் குற்றம் அவர்களுடையது இல்லை. மலசலகூடத்துக்குள் மூடி போட்ட ஒரு சின்ன வாளி வைத்துக் கொடுங்கள்.

மாரியில் மட்டும் எல்லாம் நிற்கிறது, கோடையில் பிரச்சினையே இல்லை. ஏன்?

வன்னியில் எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. இங்கே குழாய்க்கு வைத்தியம் பார்த்துக் காசைக் கரியாக்குபவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வரும்.

நமது பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. வருடத்து மழையின் பெரும் பங்கு அந்தச் சில மாதங்களிலேயே கொட்டிவிடும். கிணற்றைப் பாருங்கள்: ஆவணியில் கயிறு போதாமல் இருந்த கிணற்றில் மார்கழியில் கையால் மொண்டுவிடலாம். கிணற்றில் நீர் ஏறும்போது கழிவுக் கிடங்கைச் சுற்றியுள்ள மண்ணிலும் ஏறுகிறது. ஏற்கெனவே நனைந்து நிறைந்த மண் உங்கள் கழிவுநீரை எங்கே உறிஞ்சும்? குழாய் சுத்தமாகத்தான் இருக்கும். போக இடம் இல்லை.

மண்ணைப் பொறுத்தும் மாறும். முருங்கன் பக்கத்துக் களிமண் ஈரம் பட்டால் வீங்கி இறுகும், அங்கே கிடங்கு சீக்கிரம் நிற்கும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் தண்ணீர் உடனே இறங்கிவிடும், அது நல்லதுபோலத் தெரியும். அதே வேகத்தில் அழுக்கும் கிணற்றை நோக்கி நடக்கிறது.

உடனடியாகச் செய்யக்கூடியது: கூரைத் தண்ணீர் கிடங்குக்குள் அல்லது அதன் பக்கத்தில் விழுகிறதா என்று பாருங்கள். பீலியைத் திருப்பிவிட்டாலே பல வீடுகளில் சரியாகிறது. கிடங்கின் மூடியைச் சுற்றி மண் அணைத்து, மழைநீர் விலகி ஓடும்படி மேடாக்குங்கள். குளிக்கிற, துவைக்கிற தண்ணீரை அந்த மாதங்களில் கிடங்குக்கு விடாமல் தனியாக வாழைக்கு விடுங்கள். நிரந்தரமான வழி, உறிஞ்சு குழியை ஆழமாக வெட்டாமல் ஆழம் குறைத்து, அகலமாகவோ நீளமாகவோ, மேடான இடத்தில் அமைப்பது. ஆழம் கூடினால் தண்ணீர் கூடப் பிடிக்கும் என்று நினைத்து பதினைந்து அடி வெட்டுகிறார்கள். மார்கழியில் அது இன்னொரு கிணறு, அவ்வளவுதான்.

2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்ததுபோன்ற வெள்ளம் வளவுக்குள் புகுந்தால் அடைப்பை விடுங்கள், கிணற்றைக் கவனியுங்கள். கிடங்கும் கிணறும் ஒரே வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் இடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். குளோரின் இட்ட பிறகும் எப்போதிருந்து குடிக்கலாம் என்பதை அவரிடமே கேளுங்கள்.

கிடங்கு நிறைந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? இறங்கித் துப்புரவு செய்யலாமா?

இறங்கக் கூடாது. யாரையும் இறக்கவும் கூடாது. மூடிய கிடங்கில் ஐதரசன் சல்பைட்டு, மெதேன் வாயுக்கள் நிற்கும், பிராணவாயு இருக்காது. அழுகிய முட்டை மணம் முதலில் வரும், பிறகு மணம் தெரியாமல் போகும். வாயு மூக்கின் உணர்வை மழுங்கடித்துவிட்டது என்பதே அதன் பொருள். முதலாவது ஆள் விழ, தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழுவதுதான் இந்த விபத்துகளின் வழக்கம். மூடியைத் திறந்து தீக்குச்சி கொளுத்தி எட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

மலசலகூடம் மெதுவாக இறங்குவது, குமிழிச் சத்தம், கிடங்கின்மேல் புல் மட்டும் கோடையிலும் செழிப்பாக நிற்பது: இவை அறிகுறிகள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது பொது விதி. பிரதேச சபையில் அல்லது நகரசபையில் பணம் கட்டி மலக்கழிவை உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டிக்குப் பதியலாம். மாரி தொடங்கிய பிறகு எல்லோரும் ஒன்றாகப் போவதால் வரிசை நீளும், ஆவணியிலேயே போங்கள்.

ஈஸ்ட், மாட்டுச் சாணம், செத்த கோழி போட்டால் கிடங்கு வற்றுமா?

வற்றாது. தேவையான நுண்ணுயிர்கள் மலத்திலேயே இருக்கின்றன. செத்த கோழியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

வெளிநாட்டில் இருக்கிறோம். ஆடி விடுமுறைக்கு வந்து வீட்டைத் திறந்தால் ஒரே நாற்றம். அடைப்பா?

பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு துவாரத்தின் கீழும் உள்ள வளைவில் இரண்டு அங்குலமளவு தண்ணீர் நின்று கிடங்கின் வாயுவைத் தடுக்கிறது. பூட்டிய வீட்டில், அதுவும் கச்சான் காற்று வீசும் மாதங்களில், அது வற்றிவிடும். எல்லாத் துவாரங்களிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு மணி நேரத்தில் நாற்றம் குறையும். போகும்போது தண்ணீரின்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒருமுறை தண்ணீர் ஊற்றச் சொல்வதுதான் மலிவான வழி.

குழாய் வழியாகப் பாம்பு வருமா?

தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். திறந்த குழாய் முனைக்கும் காற்றுக் குழாயின் உச்சிக்கும் வலை கட்டுங்கள். நுளம்பும் குறையும்.

வருடா வருடம் ஒரே இடத்தில் அடைக்கிறது. ஏன்?

வேர். மூட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும், கோடையில் ஈரம் தேடி வரும் வேப்பமர வேரும் முருங்கை வேரும் உள்ளே புகுந்து தும்புபோலப் படரும். கம்பியால் அறுத்தால் அடுத்த வருடம் மீண்டும் வரும். தோண்டி, அந்தத் துண்டை வெட்டி, புதுக் குழாயைப் பசை போட்டு ஒட்டுவதுதான் தீர்வு. வேர் இல்லை என்றால் குழாய் நடுவில் தாழ்ந்து தொங்குகிறது. மீள்குடியேற்றத்தின் பின், 2010க்குப் பிறகு, எழுந்த பல வீடுகளில் மலசலகூடம் முதலில் வளவின் மூலையில் இருந்தது. குளியலறையும் சிங்கும் கையில் காசு வந்தபோது பின்னால் ஒட்டப்பட்டவை. நிரப்பிய மண் இறுகுமுன்பே அதன்மேல் குழாயைப் போட்டிருப்பார்கள். மண் அமர்ந்தபோது குழாயும் அமர்ந்தது.

புதுக் கிடங்கு வெட்டப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரம், மணல் நிலத்தில் அதைவிடக் கூட. உங்கள் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது, வேலிக்கு அப்பால் அயலவரின் கிணற்றையும் அளக்க வேண்டும். நிலம் சரிந்தால் கிணறு மேலே, கிடங்கு கீழே. பவுசர் வரக்கூடிய பக்கமாக இருக்கட்டும்.

வெளியூர் மேசன்மாருக்கு ஒன்று சொல்லிவையுங்கள்: இது யுத்தம் நடந்த மண். மண்வெட்டியில் இரும்புபோல ஏதாவது தட்டுப்பட்டால் கிளறவும் தூக்கவும் வேண்டாம். அப்படியே விலகிப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

புது வீட்டில் அடைப்பே வராமல் குழாய் போட முடியுமா?

குறைக்கலாம். மலசலகூடத்துக்கு நான்கு அங்குலக் குழாய், சிங்குக்கு இரண்டு அங்குலம். நான்கு அடிக்கு ஓர் அங்குலம் சரிவு; மட்டம் பார்க்காமல் கண்ணால் சரி என்று சொல்லும் மேசனை நம்ப வேண்டாம். செங்கோண வளைவுக்குப் பதிலாக அரை வளைவு இரண்டு. வளைவுக்கு ஒரு திறப்பு மூடி.

சமையலறைக்கு வெளியே இரண்டடிச் சதுரத்தில் ஒரு சிறிய சீமெந்துத் தொட்டி கட்டுங்கள். வெளியேறும் குழாயின் வாய் தண்ணீருக்குள் கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், மண் அடியில் தங்கும், நடுத் தண்ணீர் மட்டும் வாழைக்குப் போகும். மூடி நெருக்கமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நுளம்பு வளரும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மேலே உள்ள ஆடையை அகப்பையால் வழித்து மண்ணில் புதைத்துவிடுங்கள்.

மண் மூடுமுன் குழாய்கள் கிடக்கும் விதத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள், பக்கத்தில் அளவு நாடாவும் தெரிய. ஐந்து வருடம் கழித்து நான் வந்து ‘குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது?’ என்று கேட்கும்போது வீட்டுக்காரர் கிழக்கே காட்டுவார், அவருடைய மனைவி தெற்கே காட்டுவார். நான் முதலில் தெற்கே தோண்டுவேன்.